2021 டைகான் 4எஸ் சர்டிஃபைடா, புது 4எஸ் லீஸா?

எடிசன்_கேரேஜ்:
எல்லாருக்கும் வணக்கம். போர்ஷே டைகான் எடுக்கிறதுன்னு முடிவாயிடுச்சு, எந்த வழியில எடுக்கிறதுன்னுதான் கேள்வி. ஒண்ணு, டீலர்கிட்ட இருக்கிற 2021 4எஸ்: சர்டிஃபைடு (போர்ஷே சோதிச்சு வாரன்டியோட விக்கிற பழைய வண்டி), 31,000 மைல், பெரிய பேட்டரி. இன்னொண்ணு, புது 4எஸ், 36 மாசம் லீஸ். இருக்கிறது நியூ ஜெர்சி. கேரேஜ் உண்டு, 200 ஆம்பியர் பேனல். வருஷத்துக்கு 11,000 மைல் ஓடும், மாசம் ஒரு தடவை பாஸ்டன் போய் வரணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜே1_தளம்:
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 2021-ம் 2025-ம் பார்க்க ஒரே வண்டி மாதிரி இருக்கும், உள்ளே வேற. 2024-ல வந்த மாற்றத்தை வெறும் முகப்பு மாற்றம்னு நினைச்சுடாதீங்க.

பழைய பெரிய பேட்டரி மொத்தம் 93.4 கிலோவாட் அவர், பயன்பாட்டுக்கு 83.7. புதுசு மொத்தம் 105, பயன்பாட்டுக்கு 97. டிசி (வேக) சார்ஜிங் உச்சம் பழசுல 270 கிலோவாட், புதுசுல 320. உச்சத்தை விட முக்கியம், புதுசு அந்த வேகத்தை ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கும், பேட்டரி கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் வேகமா வாங்கிக்கும். 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிஷம்னு போர்ஷே சொல்றது நல்ல 350 கிலோவாட் சார்ஜர்ல நடைமுறையிலும் வருது. ரீஜென் பிரேக்கிங் (பிரேக் போடும்போது மோட்டார் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பற சக்தி) 290-லிருந்து 400 கிலோவாட்டுக்கு ஏறியிருக்கு. பின் மோட்டார் புதுசு, ஹீட் பம்ப் எல்லா வண்டியிலும் உண்டு, ஏர் சஸ்பென்ஷனும் அப்படியே.

ஈபிஏ (அமெரிக்க அரசு அமைப்பு) சொல்ற ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜுக்கு ஓடற தூரம், பார்த்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். 2020 டர்போவுக்கு 201 மைல். 2025 பின்சக்கர டைகான் பெரிய பேட்டரியோட 318 மைல். ஆனா பழைய டைகான் ஹைவேயில ஈபிஏ எண்ணைத் தாண்டி ஓடும், அந்த 201-ஐப் பார்த்து மிரள வேண்டாம். பாஸ்டனுக்கு ஒரு வழி 240 மைல்னு வெச்சுக்குவோம். பழைய 4எஸ் கோடையில 2.8 மைல் ஒரு கிலோவாட் அவருக்குக் கொடுத்தா 234 மைல்; ஜனவரியில 2.2-க்கு இறங்கினா 184. ரெண்டு காலத்துலயும் ஒரு நிறுத்தம் உண்டு. புதுசுல கோடையில நிறுத்தாம போயிடலாம், குளிர்ல பத்து நிமிஷம் நின்னாப் போதும்.

கணக்கு_சரி:
ஜே1 சார் வண்டியைச் சொல்லிட்டார், நான் பணத்தைச் சொல்றேன்.

2021 4எஸ்-ஓட அடிப்படை விலை 1,03,800 டாலர். ஆப்ஷன் போட்டு பெரும்பாலும் 1,20,000-க்கு மேலதான் வெளியே போயிருக்கும். இப்போ அதுல பாதிக்கும் கீழே கேக்கறாங்க. விழ வேண்டியது பெரும்பாலும் விழுந்தாச்சு, அந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏத்துக்கிட்டாரு. 2025 4எஸ் அடிப்படையே 1,18,500. அதையும் இதே சரிவு பிடிக்கும். அதனால புதுசுன்னா கடனுக்கு வாங்கவே வாங்காதீங்க, லீஸ் மட்டும்தான். மதிப்பு எவ்வளவு விழுந்தாலும் அது லீஸ் கம்பெனி தலையில போகட்டும்.

லீஸ் தாளில் மாசத் தவணையைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, மூணு எண்ணைக் கேளுங்க: பேசி முடிச்ச விலை, ரெசிடுவல் (லீஸ் முடியும்போது வண்டிக்கு வெக்கிற மதிப்பு), மணி ஃபேக்டர் (லீஸ் வட்டியைக் காட்டற எண்). உதாரணத்துக்கு விலை 1,10,000, ரெசிடுவல் 60,000, மணி ஃபேக்டர் 0.0030, 36 மாசம். தேய்மானம் 50,000-ஐ 36-ஆல வகுத்தா 1,389. வட்டிப் பகுதி, விலையும் ரெசிடுவலும் கூட்டி 0.0030-ஆல பெருக்கினா 510. ரெண்டும் சேர்ந்து 1,899, வரி தனி. மணி ஃபேக்டரை 2,400-ஆல பெருக்குங்க, 7.2 சதவீத வட்டி. டீலர் மணி ஃபேக்டரை ஏத்தி வெச்சிருக்காரான்னு தெரிஞ்சுக்க அதுதான் வழி. முன்பணம் பெருசா கொட்டாதீங்க. ரெண்டாம் மாசம் வண்டி விபத்துல டோட்டல் (முழு நஷ்டம்) ஆனா இன்சூரன்ஸ் பணம் லீஸ் கம்பெனிக்குப் போகும், நீங்க கொடுத்த முன்பணம் திரும்பாது.

லீஸ் வழியா கிடைச்சுக்கிட்டிருந்த 7,500 டாலர் ஃபெடரல் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சது. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு அதை மனசுல வெச்சுக்காதீங்க. நியூ ஜெர்சியில மின்வண்டிக்கு இருந்த விற்பனை வரி விலக்கும் 2025 ஜூலையோட போச்சு, முழு 6.625 சதவீதம். 2024 ஜூலையிலிருந்து வருஷக் கட்டணம் 250 டாலர், ஒவ்வொரு வருஷமும் 10 டாலர் ஏறும். புது வண்டின்னா நாலு வருஷத்துக்கு மொத்தமா முன்கூட்டியே வாங்கிடுவாங்க.

800வோல்ட்:
சர்டிஃபைடு பக்கம் சாயறதுக்கு முன்னாடி பேட்டரி ரீகால் (கோளாறுக்காகக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைச்சுச் சரிபண்றது) விஷயத்தைச் சரியாப் புரிஞ்சுக்கணும். இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமான்னு தீர்மானிக்கிறதே அதுதான்.

பெரிய பேட்டரியில 33 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 12 பவுச் செல், ஆக 396. செல் எல்ஜி தயாரிப்பு. சில மாட்யூல்ல உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம்னு ரீகால் வந்தது. 2024-ல அமெரிக்காவுல மட்டும் 27,000-க்கு மேற்பட்ட டைகானுக்கு நீட்டிச்சாங்க. தீர்வு வர்ற வரைக்கும் 80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் பண்ணாதீங்கன்னு ஓனர்களுக்குச் சொன்னாங்க. தீர்வு என்னன்னா, பேட்டரியை உள்ளிருந்தே கண்காணிக்கிற சாஃப்ட்வேர். அது கோளாறு கண்டுபிடிச்சா அந்த மாட்யூலை மட்டும் மாத்துவாங்க, முழு பேக்கை இல்ல.

80 சதவீதத்துல நிறுத்தினா 83.7-ல உங்க கைக்கு வர்றது 67 கிலோவாட் அவர். குளிர்ல 2.2 மைல்னா 147 மைல்தான், அதுவும் பூஜ்ஜியம் வரைக்கும் ஓட்டினா. பாஸ்டன் பயணம் அதோட வேற கதை. அதனால அந்த வண்டியில ரீகால் வேலை முடிஞ்சதா, திறந்தே கிடக்கான்னு முதல்ல கேளுங்க. வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) அமெரிக்க அரசு சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்துல போட்டா நிமிஷத்துல தெரியும். டீலர் வாய்வார்த்தை வேண்டாம்.

இன்னும் ரெண்டு ரீகால் பார்க்கணும். முன் பிரேக் ஹோஸ் வெடிப்பு விடலாம்னு 2024-ல வந்தது, 2020 முதல் 2025 வரை எல்லா டைகானுக்கும் பொருந்தும். ஓடும்போது பவர் போயிடற சாஃப்ட்வேர் கோளாறுக்கு 2021-ல வந்த ரீகால், ஆரம்பகால வண்டிகளுக்கு.

எடிசன்_கேரேஜ்:
நன்றி சார். பேட்டரி எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கிறது? வண்டித் திரையில எங்கேயும் காணோமே.

800வோல்ட்:
இந்த வருஷ வண்டித் திரையில காட்டாது. மூணு வழி இருக்கு.

முதல்ல, டீலர் தன் பிவிஸ் (போர்ஷே சோதனை) கருவியில எடுத்துக் கொடுக்கிற எஸ்ஓஹெச் அறிக்கை, அதாவது பேட்டரி எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்ற தாள். எழுத்துல கேளுங்க, சர்டிஃபைடு வண்டிக்கு மறுக்க அவங்களுக்கு நியாயமே இல்ல. ரெண்டாவது, வண்டியோட சோதனை சாக்கெட்ல ஓபிடி டாங்கிள்ங்கற சின்னக் கருவியைச் சொருகி போன்ல படிக்கிறது. செல் வோல்டேஜும் தெரியும், ஒரு செல் மட்டும் மத்ததை விட்டு விலகி நின்னா கவனிக்கணும்.

மூணாவது கணக்கு, எந்தக் கருவியும் வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்க, சார்ஜ் சதவீதத்தைக் குறிச்சுக்குங்க. நிறுத்தி நிறுத்தி ஓட்டாம ஹைவேயில ஒரே சீரா ஓட்டுங்க. உதாரணமா 90 சதவீதத்துல கிளம்பி 24-க்கு வந்தாச்சு, 150 மைல், சராசரி 2.7. 150-ஐ 2.7-ஆல வகுத்தா 55.6 கிலோவாட் அவர் செலவு. அது 66 சதவீதத்துக்கு, அதனால 0.66-ஆல வகுங்க: 84.2. புதுசுக்குரிய 83.7-க்குப் பக்கத்துல, நல்ல பேட்டரி. இதே கணக்குல 74, 75 வந்தா பத்து சதவீதத்துக்கு மேல போயிருக்கு, விலையில பேசலாம். சார்ஜ்ல 20 சதவீதமாவது செலவாகாம இந்தக் கணக்கைப் போடாதீங்க. சதவீதம் முழு எண்ணா காட்டறதால பிழை பெருசாயிடும். அவ்வளவு தூரம் விடமாட்டேங்கறாங்கன்னா ஒரு ராத்திரிக்கு வண்டியைக் கேளுங்க, நிறைய டீலர் கொடுப்பாங்க.

அதே பயணத்துல டிசி சோதனையும் முடிச்சிடலாம். 350 கிலோவாட் சார்ஜரை நேவிகேஷன்ல இலக்கா போடுங்க, அப்பத்தான் போற வழியிலேயே பேட்டரி சூடாகும். 10, 15 சதவீதத்துல போய்ச் சொருகுங்க. பெரிய பேட்டரின்னா 250-ஐத் தாண்டணும். 120, 130-லயே நின்னா ஒண்ணு பேட்டரி குளிர்ந்திருக்கு, இல்ல சார்ஜர் சரியில்ல. பக்கத்து சார்ஜர்ல மாத்திப் பாருங்க. அங்கேயும் அதே எண்ணுன்னா ஹீட்டர் மேல சந்தேகம் வரணும்.

பனிக்காலம்:
800வோல்ட் சார் சொன்ன அந்த ஹீட்டர்தான் பழைய டைகானோட பலவீனம். ஹை வோல்டேஜ் ஹீட்டர் ஒண்ணுதான் கேபினையும் சூடாக்குது, பேட்டரியையும் சூடாக்குது. அது செத்தா உள்ளே குளிர் காத்து வரும், சார்ஜரும் மெதுவாகிடும். அதை மாத்தி, திரும்பவும் போன வண்டிகள் உண்டு. சர்வீஸ் பதிவுல அந்தப் பாகம் எத்தனை தடவை மாறியிருக்குன்னு பாருங்க. ஜூலையில வண்டி பார்க்கப் போனாலும் ஹீட்டரை உச்சத்துல வெச்சு அஞ்சு நிமிஷம் காத்திருங்க. டீலர் வாசல்ல யாரும் செய்யறதில்ல, டிசம்பர்லதான் தெரிய வரும்.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. இதுல இருக்கிறது லித்தியம். அது இறங்கினா கதவு, பூட்டு, சார்ஜிங் எல்லாம் குழம்பும், திரையில தொடர்பே இல்லாத பத்து எச்சரிக்கை ஒண்ணா வரும். சாதாரண ஈய பேட்டரி சார்ஜரை அதுல மாட்டாதீங்க. ரெண்டு பக்க சார்ஜ் மூடியையும் பத்து தடவை திறந்து மூடுங்க, மோட்டார்ல இயங்கற மூடின்னா பனி உறையும்போது மாட்டிக்கும். வீட்டுல போடற ஏசி சார்ஜிங்கையும் அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. ஆன்போர்டு சார்ஜர் பழுதானா பாதியில நின்னுடும்.

மூணாவது_வழி:
ரெண்டு வழி மட்டும் ஏன்? டீலர்கிட்ட சர்வீஸ் லோனரா (சர்வீஸுக்கு விட்டவங்களுக்கு மாத்தா கொடுக்கிற வண்டியா) ஓடின 2025 வண்டிகள் இருக்கும், 4,000, 5,000 மைல்ல. பேட்டரி 97, சார்ஜிங் 320, எல்லாம் புதுசு. முதல் வருஷச் சரிவு மட்டும் கழிஞ்சிருக்கும். வாரன்டி கடிகாரம் எந்தத் தேதியில ஓட ஆரம்பிச்சதுன்னு மட்டும் கேட்டு வெச்சுக்குங்க. லோனரா பதிவான நாளிலிருந்தே எண்ணுவாங்க.

கணக்கு_சரி:
நல்ல வழிதான், ஆனா அதோட விலை 2021-ஐ விட இன்னும் ரொம்ப மேல. அதை வாங்கினா அடுத்த மூணு வருஷச் சரிவு உங்களுது. லோனரையே லீஸுக்குக் கொடுப்பாங்களான்னு கேட்டா அர்த்தம் இருக்கு.

800வோல்ட்:
எனக்கு அதுல உடன்பாடில்ல சார். விலைச் சரிவை மட்டும் பார்த்தா எப்பவும் பழசுதான் ஜெயிக்கும். மாசா மாசம் பாஸ்டன் போறவருக்கு 13 கிலோவாட் அவர் கூடுதல், குளிர்லயும் வேகமா ஏறுற பேட்டரி, இதெல்லாம் ஒவ்வொரு பயணத்துலயும் மிச்சமாகற நேரம். அதுக்கு ஒரு விலை உண்டு. அவர் அந்தப் பயணம் போகலைன்னா நானும் 2021-ஐயே சொல்லியிருப்பேன்.

சக்கரம்_20:
டயர் பத்தி யாரும் சொல்லலை. 20 இன்ச்சுல முன்னாடி 245/45, பின்னாடி 285/40. 21 இன்ச்சுல முன்னாடி 265/35, பின்னாடி 305/30. முன்னும் பின்னும் அளவு வேற, அதனால இடம் மாத்திப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. ரெண்டேகால் டன் வண்டி, பின் டயர் வேகமாத் தேயும், அதுவும் உள் விளிம்புல. நின்னு பார்த்தா வெளிப்பக்கம் நல்லா இருக்கும், உள்ளே கம்பி தெரியும். குனிஞ்சு கையை விட்டுத் தடவிப் பாருங்க, இல்ல லிஃப்ட்ல ஏத்தச் சொல்லுங்க. டயர் பக்கச் சுவர்ல என்எஃப்0 குறி இருக்கணும், டைகானுக்குன்னு போர்ஷே ஒப்புதல் கொடுத்தது. விலைக்காக வேற எதையோ போட்டிருந்தா, மத்த பராமரிப்புலயும் முன் ஓனர் கை இறுக்கினவரோன்னு யோசிக்கலாம். நியூ ஜெர்சி ரோட்டுக் குழிக்கு 21 இன்ச் வேண்டவே வேண்டாம்.

லிஃப்ட்ல ஏறினதும் பேட்டரி அடிமூடியையும் ஜாக் வைக்கிற இடங்களையும் பாருங்க. டயர் கடையில ஜாக்கைத் தப்பா வெச்சு நசுக்கியிருந்தா அங்கே தெரியும். பிரேக் டிஸ்க்குல துரு உதடு இருக்கான்னும் பாருங்க. அன்றாட பிரேக்கிங்ல பெரும்பகுதி மோட்டாரே செய்யறதால டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். பிரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மைல் குறைவுன்னு விட்டிருப்பாங்க.

தீபா_டார்க்:
அண்ணா, ஆடி இ-ட்ரான் ஜிடி-யையும் ஒரு பார்வை பாருங்க. அதே தளம், அதே 93.4 பேட்டரி, விலை குறைவு. அதுக்கும் பேட்டரி ரீகால் உண்டு, அதனால மேல சொன்ன சோதனை எல்லாம் அப்படியே பொருந்தும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் நேர்க்கோட்டுல எல்லாத்தையும் தாண்டிடும், வளைவுல ஸ்டியரிங் பேசறது டைகான்லதான். லூசிட் ஏர் ரேஞ்சுல ராஜா. சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா மட்டும்.

இன்னொண்ணு, போன் ஆண்ட்ராய்டுன்னா 2021-ஐ யோசிச்சுக்குங்க. ஆண்ட்ராய்டு ஆட்டோ 2022 மாடல்லதான் வந்தது.

எடிசன்_கேரேஜ்:
ஐபோன்தான் தீபா, பிரச்சனை இல்ல. டெஸ்லாவோட சூப்பர்சார்ஜர்ல போட முடிஞ்சா பாஸ்டன் வழி சுலபம்னு நினைக்கிறேன். பழைய வண்டியில முடியுமா? வீட்டு வயரிங்குக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஜே1_தளம்:
2025 செப்டம்பர்லிருந்து டைகானுக்கு சூப்பர்சார்ஜர் திறந்தாச்சு, அடாப்டர் வேணும். ஆனா இங்கதான் ஒரு கண்ணி. சூப்பர்சார்ஜர் பெரும்பாலும் 400 வோல்ட் வகை, டைகான் 800. வண்டிக்குள்ள இருக்கிற கன்வர்ட்டர்தான் ஏத்திக் கொடுக்கணும். பழைய டைகான்ல அது சாதாரணமா 50 கிலோவாட் தாங்கும். 150 தாங்குறது தனி ஆப்ஷன். 10-லிருந்து 80-க்கு 58.6 கிலோவாட் அவர் ஏறணும். 50-ல போட்டா 70 நிமிஷம், 150-ல அரை மணிக்குள்ள. ஒரிஜினல் விண்டோ ஸ்டிக்கரை (புதுசா வித்தப்போ ஆப்ஷன் பட்டியலோட ஒட்டினது) டீலர்கிட்ட கேளுங்க, 150 கிலோவாட், 400 வோல்ட் டிசி சார்ஜர்னு ஒரு வரி இருக்கணும். வெளிப்பார்வைக்குத் தெரியாது, ஓட்டினாலும் தெரியாது.

டிசி சாக்கெட் பயணி பக்க முன் ஃபெண்டர்ல இருக்கு. டெஸ்லாவுக்கு அது பின் இடது. அதனால சூப்பர்சார்ஜர்ல டெஸ்லா ரிவர்ஸ்ல நிக்கிற இடத்துல நீங்க முன்பக்கமா நுழைஞ்சு நிறுத்துங்க, கேபிள் சரியா எட்டும். அடுத்தவர் இடத்தை அடைக்க வேண்டியதில்ல.

வயரிங்: 2020 டைகான் ஏசி-யில 9.6 கிலோவாட், அதாவது 40 ஆம்பியர். தொடர் சுமைக்குக் கால் பங்கு கூட்டி 50 ஆம்பியர் பிரேக்கர். நீங்க 60 ஆம்பியர் சர்க்யூட் போட்டு, சாக்கெட் இல்லாம நேரா வயர் இணைச்ச 48 ஆம்பியர் வால் பாக்ஸ் வெச்சா எந்த வண்டிக்கும் போதும். பெரிய பேட்டரி ராத்திரி எட்டு, ஒன்பது மணி நேரத்துல நிறையும். 19.2 கிலோவாட் ஆப்ஷன் இருக்கிற வண்டி கிடைச்சாலும் அதுக்காக 100 ஆம்பியர் சர்க்யூட் இழுக்காதீங்க. 200 ஆம்பியர் பேனல்ல பாதி அதுக்கே போயிடும். மலிவு 14-50 சாக்கெட் வேண்டாம், மணிக்கணக்கா 40 ஆம்பியர் ஓடினா உள்ளே உருகும்.

எடிசன்_கேரேஜ்:
ஸ்டிக்கர் வாங்கிட்டேன். 150 கிலோவாட் வரி இருக்கு, 20 இன்ச் சக்கரம், 2021 ஆகஸ்ட்ல முதல் விற்பனை. எஸ்ஓஹெச் அறிக்கை நாளைக்குத் தர்றாங்களாம். வின் நம்பர் போட்டுப் பார்த்ததுல பேட்டரி ரீகால் திறந்தே இருக்கு. பிரேக் ஹோஸ் முடிஞ்சது.

800வோல்ட்:
அப்போ நாலு வருஷ வாரன்டி 2025 ஆகஸ்ட்லயே முடிஞ்சது. சர்டிஃபைடு திட்டத்துல நீங்க வாங்கற நாளிலிருந்து ரெண்டு வருஷம், மைல் வரம்பில்லாம. பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,00,000 மைல், அதாவது 2029 ஆகஸ்ட் வரைக்கும். சர்டிஃபைடு இல்லாம இதே வண்டி பத்தாயிரம் டாலர் குறைவா கிடைச்சாலும் தொடாதீங்க. ஹீட்டர், ஆன்போர்டு சார்ஜர் ரெண்டும் கைக்காசுல மாத்துற சாமான் இல்ல.

திறந்திருக்கிற ரீகாலோட கையெழுத்து போடாதீங்க. வேலையை முடிச்சு, சாஃப்ட்வேர் ஏத்தி, அது மாட்யூல் எதையும் குறிகாட்டலைன்னு வொர்க் ஆர்டர் காப்பி கொடுத்தப்புறம் போடுங்க. குறிகாட்டினா மாட்யூல் மாறுற வரைக்கும் வண்டி அவங்ககிட்டயே இருக்கட்டும்.

கணக்கு_சரி:
அதோட டீலர்கிட்ட "வீ ஓ"ன்னு ஒரு படிவம் இருக்கும், வண்டி கொடுத்தப்புறம் அவங்க செய்ய வேண்டிய பாக்கியை எழுதறது. பின் டயர் ரெண்டுலயும் பள்ளத்தோட ஆழம் 4/32 இன்ச்சுக்குக் கீழே இருந்தா புது என்எஃப்0 ஜோடி, ரெண்டாவது சாவி, சார்ஜிங் கேபிள், பிரேக் ஃப்ளூயிட் மாத்தினது, எல்லாம் அதுல வரி வரியா வரணும், சேல்ஸ் மேனேஜர் கையெழுத்தோட. டெலிவரி அன்னைக்குக் கேபிளைப் பெட்டியோட கண்ணால பாருங்க. பழைய டைகான்ல அடிக்கடி காணாமப் போறது அதுதான்.

எடிசன்_கேரேஜ்:
சரி சார். டீலருக்கு இப்பவே மெயில் போடறேன்: ரீகால் முடிச்ச வொர்க் ஆர்டர், எஸ்ஓஹெச் தாள், ஹீட்டர் மாத்தின பதிவு, ஒரு ராத்திரி வண்டி. நாலும் வந்தா 2021. ரீகால் பாகம் வரலைன்னு இழுத்தடிச்சா லோனர் லீஸோட மணி ஃபேக்டரைக் கேக்கறேன்.